ஹம்சா வீட்டு மஞ்சள் தொட்டில்

ஹம்சா யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால் கேனில் போட்டிருக்கிற தேதியை நம்ப மாட்டாள், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்பாள். கட்டின புருஷன் பாலசுப்ரமணியன் "பல் தேச்சுட்டேன்" என்று சொன்ன காலையில், பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்ததும் உண்டு. மனுஷன் பாவம், அதற்கும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்குச் சோறு போட்டதே அந்தச் சந்தேகம்தான். சைதாப்பேட்டையில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்கிற ஊருக்கு வந்து, மகள் தீக்ஷாவை டேகேரில் விட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்ட்டிங் வேலைக்குச் சேர்ந்தவள். எவனோ எழுதின புரோகிராமை வைத்துக்கொண்டு, இது எங்கே உடையும், என்ன செய்தால் உடையும் என்று நோண்டிக்கொண்டே இருக்கிற வேலை. "நல்லாத்தான் ஓடுது ஹம்சா" என்று எவனாவது வாய் விட்டால் அன்றைக்கு அவனுக்குச் சனி பிடித்தது. ஆபீஸில் மூன்று தடவை லேஆஃப் நடந்தது. கூட இருந்தவர்கள் எல்லாம் போனார்கள், ஹம்சா மட்டும் போகவில்லை. சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டும் என்று கம்பெனிக்கே தெரிந்திருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

தீக்ஷாவுக்குக் கல்யாணமாகி இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதை. இரண்டாவது தடவைக்குப் பிறகு ஹம்சா மகளோடு போனில் பேசும்போது குழந்தை என்கிற வார்த்தையையே வாயில் எடுப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனில் ஒரு எஸ்டேட் சேலுக்குப் போனாள். வீட்டுக்காரர் செத்துப்போனால் வீட்டைத் திறந்துபோட்டு உள்ளே இருப்பதையெல்லாம் விற்பார்களே, அது. கொலுவுக்கு ஏதாவது தேறுமா என்று பார்க்கப் போனவளுக்கு, கராஜ் மூலையில் ஒரு தொட்டில் கண்ணில் பட்டது.

தொட்டில் என்றால் ஆடுகிற தொட்டில் இல்லை. முதுகில் மாட்டித் தூக்குகிற மாதிரி ஒரு பலகை. பலகையின் மேல் மான் தோலில் ஒரு பை. குழந்தையை உள்ளே வைத்து, தோல் வாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். தலைக்கு மேலே வெயில் படாமல் இருக்கக் குச்சியால் பின்னின குட்டிக் கூரை. ஓரமெல்லாம் மணி கோத்த வேலை. தோல் முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. அந்த மஞ்சள்தான் அவளை இழுத்தது. மஞ்சள் பூசின தொட்டிலை விட்டுவிட்டு எந்தத் தமிழச்சி வெளியே வருவாள்?

குழந்தை பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு என்று எதுவும் வாங்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். அதனால் "கொலுவுல கிருஷ்ணனுக்கு" என்று புருஷனிடமும் சொல்லி, தனக்கும் சொல்லிக்கொண்டு வாங்கினாள். அந்த வாரமே தீக்ஷா போன் பண்ணி, மறுபடியும் உண்டாகியிருக்கிறேன் என்றாள். இந்தத் தடவை கலையவில்லை. மூன்றாம் மாசம் தாண்டியது, ஐந்தாம் மாசம் தாண்டியது. ஹம்சா தினம் காலையில் அந்தத் தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காபி போட்டாள். தொட்டில் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அந்தக் குழந்தை தீக்ஷா வயிற்றில் தங்கும். டெஸ்ட் பண்ணாமல் அவள் நம்பின ஒரே விஷயம் இதுதான்.

இப்படி இருக்கும்போது நவராத்திரி வந்தது, வெர்னாவும் வந்தாள்.

ஹம்சா வீட்டுக் கொலு அந்த வட்டாரத்தில் பேர்போனது. படிகளுக்குக் கீழே வருஷத்துக்கு ஒரு காட்சி வைப்பாள். இந்த வருஷம் கொலராடோ மலை, கோடையில் குடும்பமாகப் போய் வந்த இடம். பஞ்சில் பனி, பிளாஸ்டிக் கரடி, சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில், டாலர் கடையில் வாங்கின, தலையில் இறகு செருகின இரண்டு பொம்மை ஆட்கள். இதற்கெல்லாம் நடுவில், படியில் சாய்த்து வைத்த மஞ்சள் தொட்டில். அதற்குள் அவளுடைய கல்யாணத்துக்குச் சீராக வந்த குட்டிக் கிருஷ்ணன், வாரால் கட்டுப்பட்டு, வெண்ணெய்க் கையோடு. பார்த்த பெண்டுகள் எல்லாம் கன்னத்தில் கை வைத்தார்கள்.

சனிக்கிழமை தீக்ஷா ஒரு அம்மாளை அழைத்து வந்தாள். அறுபது வயசு இருக்கும். நரைத்த ஒற்றைப் பின்னல், ஜீன்ஸ், வெள்ளிக் கம்மல். "அம்மா, திஸ் இஸ் வெர்னா. என் டாக்டர் ஆபீஸ்ல நர்ஸ்" என்றாள். இரண்டு தடவை கலைந்தபோதும் தீக்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் இந்த வெர்னாதான். அதனால் ஹம்சா நிஜமான பிரியத்தோடுதான் உட்காரச் சொல்லி, தட்டு நிறையச் சுண்டல் வைத்தாள்.

வெர்னா சுண்டலைத் தொடவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க மக்களோடது" என்றாள் இங்கிலீஷில், மெதுவாக. "நான் யூட் பழங்குடி. கொலராடோவுல தெற்குப் பக்கம், இக்னேஸியோன்னு ஒரு ஊர்."

"அப்படியா, எனக்குத் தெரியாதே. அங்கதான் நாங்க ரயில்ல போனோம்" என்று ஹம்சா ஆசையாக அந்த இறகு பொம்மைகளைக் காட்டினாள். "பாருங்க, உங்க ஆளுங்களையும் வெச்சிருக்கேன்."

பாலசுப்ரமணியன் கூரையைப் பார்த்தார். தீக்ஷா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வெர்னா அந்தப் பொம்மைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல யாரும் இப்படி இருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் எழுந்து தொட்டிலின் கிட்டே போய்க் குனிந்து, அந்தத் தோலை முகர்ந்து பார்த்தாள். எங்கே வாங்கினீங்க என்று கேட்டாள். யார் வீடு என்று கேட்டாள். அந்த வீட்டுக்காரர்களின் பேர் தெரியுமா என்று கேட்டாள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றாள்.

ஹம்சாவுக்குள் மணி அடித்தது. ஒரு கேள்வி என்றால் ஆசை. நாலு கேள்வி என்றால் திட்டம்.

வந்தவள் போனதும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, பாத்தீங்களா அவ முகத்தை? மோந்து வேற பாக்கறா. இதை எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கா."

"அவங்க ஊரு சாமான், பாத்ததும் ஆசையா இருந்திருக்கும். நம்ம ஊர் அம்மிக்கல்லை இங்க எங்கயாவது பாத்தா நீ மட்டும் சும்மா வருவியா?"

"நான் மோந்து பாக்க மாட்டேன்" என்றாள் ஹம்சா. பால் கேனை முகர்ந்து பார்க்கிறவள் சொன்ன பேச்சைப் பாருங்கள்.

திங்கட்கிழமை டோர்பெல் கேமராவில் ஒரு பழைய நீல டிரக் தெரிந்தது. வீட்டுக்கு எதிரே நின்றது. உள்ளே வெர்னா. இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்து வீட்டையே பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் போனில் இதைப் பார்த்த ஹம்சாவுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அன்று சாயந்திரம் அடுத்த தெரு ராஜலக்ஷ்மி ஆன்ட்டி சுண்டலுக்கு வந்தவள், நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் இவங்ககிட்ட இருந்து பிடுங்கினான். அதுக்கு இவங்க இப்ப நம்மகிட்ட இருந்து பிடுங்குவாங்க. நீ எதுக்கும் உள்ள எடுத்து வெச்சுடு ஹம்சா."

அங்கேதான் வந்தது சிக்கல். கொலு வைத்தது வைத்ததுதான். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எடுக்கிற வரைக்கும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் வீட்டுக்கு ஆகாது. சும்மா இருக்கிற வருஷத்திலேயே நகர்த்த மாட்டாள், பெண் ஏழு மாசமாக இருக்கும்போது நகர்த்துவாளா? சரி, கதவைச் சாத்திவிடலாம் என்றால் அதுவும் முடியாது. நவராத்திரியில் வாசலுக்கு வருகிற பொம்பளை அம்பாள். திருப்பி அனுப்பக் கூடாது. குங்குமம் கொடுத்து, உட்கார வைத்து, தாம்பூலம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆக, திருட வருகிறவள் என்று தெரிந்தும் பொருளைக் கூடத்தின் நடுவில் விளக்கேற்றி வைத்து, வருகிறவளுக்கு வெற்றிலை பாக்கும் கொடுக்க வேண்டிய கதி. உலகத்தில் வேறு எந்த ஜாதி ஜனத்துக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

ஹம்சா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள்.

வெர்னா புதன்கிழமை வந்தாள், தனியாக. ஹம்சா சிரித்துக்கொண்டே குங்குமம் கொடுத்தாள். சிரிப்பு உதட்டில் மட்டும்தான். வெர்னா இந்தத் தடவை சுண்டலைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நேராகவே பேச்சை எடுத்தாள்.

"திங்கட்கிழமை வந்தேன். இறங்கத் தைரியம் வரலை. அந்தத் தொட்டில் பக்கத்துல ஒரு சின்னப் பை தொங்குதே, பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறாள். உள்ளங்கையில் அடங்குகிற தோல் பை, மணி வைத்துத் தைத்து வாய் மூடியிருக்கும். சும்மா அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

"அதுக்குள்ள தொப்புள்கொடி இருக்கு. பிள்ளை பிறந்து, கொடி காஞ்சு விழுந்ததும், அம்மா அதை இப்படித் தைச்சுத் தொட்டில்ல கட்டுவா. மஞ்சள் தோல்னா பெண் பிள்ளை. ஆண் பிள்ளைக்கு வெள்ளை. இது ஏதோ ஒரு பெண் குழந்தையோடது."

தீக்ஷா பிறந்து கொடி விழுந்தபோது ஹம்சாவும் அதைத்தான் செய்தாள். மஞ்சள் தடவிக் காய வைத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, குழந்தையின் இடுப்புக் கயிற்றில் கட்டினாள். டேகேரில் அதைக் கழற்றச் சொன்னார்கள் என்று சண்டைகூடப் போட்டாள். அந்தத் தாயத்து இன்னமும் பீரோவில் இருக்கிறது.

உருகிப்போயிருக்க வேண்டிய இடம். ஹம்சா உருகவில்லை. அவளுக்குத் தோன்றியது வேறு. இவள் நம்மைப் பற்றி கூகுளில் படித்துவிட்டு வந்திருக்கிறாள். தமிழ்ப் பொம்பளையை எங்கே தொட்டால் இளகுவாள் என்று பார்த்து வைத்துக்கொண்டு அங்கேயே கை வைக்கிறாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"உங்களுக்கு இது வேணுமா?" என்று பட்டென்று கேட்டாள்.

"இது என் அக்காவோடதுன்னு நினைக்கறேன்" என்றாள் வெர்னா.

வெர்னாவின் அம்மாவுக்கு டி.பி. வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலம். வெர்னா கைக்குழந்தை, அக்காவுக்கு ஐந்து வயசு. அரசாங்கத்து ஆபீஸிலிருந்து ஒரு கார் வந்தது. இந்த வீட்டில் பிள்ளையை வளர்க்க முடியாது, நல்ல குடும்பம் பார்த்துக் கொடுக்கிறோம் என்று அக்காவை ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பழங்குடிப் பிள்ளைகள் எத்தனையோ பேரை ஏற்றினார்கள். அத்தை ஓடிப்போய், அக்கா குழந்தையாக இருந்த தொட்டிலையும் காருக்குள் வைத்தாள். கொடி பிள்ளையோடுதான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மா திரும்பி வந்தபோது மூத்தவள் இல்லை. அப்புறம் ஒரு நாள், அவள் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று அந்த ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து சொன்னார்.

"எங்க மலையில தங்கம் கிடைச்சப்ப பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, மலை போச்சு. அப்புறம் வேற பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, பிள்ளைங்க போச்சு" என்றாள் வெர்னா. "அக்கா உடம்பு எங்களுக்குக் கிடைக்கலை. கொடியாவது ஊருக்கு வரணும்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. நான் எந்த ஊருக்குப் போனாலும் பழைய சாமான் கடையில தொட்டில் பாப்பேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. அதுவும் ஹம்சாவுக்குச் சந்தேகமாக இருந்தது. அழுதிருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பாள், அது வேறு விஷயம்.

"எப்படி உங்க அக்காவோடதுதான்னு சொல்றீங்க? மஞ்சள் தொட்டில் ஊர்ல ஆயிரம் இருக்கும்."

"பலகைக்குப் பின்னாடி, கீழே இடது பக்கம், ஒரு தீக்காயம் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சுட்டாளாம் அம்மா. விரல் நுனியை உள்ளே விடற அளவுக்கு ஆழமா எரிஞ்சு போச்சுன்னு சொல்லுவா. திருப்பிப் பாக்கலாமா?"

ஹம்சா ஜென்மத்தில் இப்படி ஒரு நல்ல டெஸ்ட் கேஸைப் பார்த்ததில்லை. இருக்கு, இல்லை, இரண்டில் ஒன்று. வாங்கினபோது பின்பக்கத்தைப் பார்த்தோமா என்று யோசித்தாள். தூசி தட்டினது ஞாபகம், பார்த்தது ஞாபகமில்லை.

"இப்ப முடியாது" என்றாள். "கொலுவை எடுக்கற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஞாயித்துக்கிழமை எடுப்போம். அன்னிக்கு வாங்க."

இவ்வளவு பெரிய கதைக்கு இப்படி ஒரு பதிலா என்று வேறு யாராவது இருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். வெர்னா தலையாட்டினாள். "எங்ககிட்டயும் அப்படி இருக்கு. கரடி ஆட்டம் முடியற வரைக்கும் பந்தலைப் பிரிக்க மாட்டோம்" என்றாள்.

பாலசுப்ரமணியன் சும்மா இருக்காமல் அது என்ன ஆட்டம் என்று கேட்டு வைத்தார். குளிர் போய்க் கரடி எழுந்திருக்கிற நேரத்தில் ஆடுவார்களாம். பொம்பளைதான் ஆம்பளையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். சால்வை நுனியை அவன் பக்கம் வீசினால் அவன் எழுந்து வந்தாக வேண்டும், மாட்டேன் என்று சொல்லக் கூடாதாம். அது நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று ஹம்சாவுக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே உஷாராகிவிட்டாள். பேச்சுக் கொடுத்து மயக்கப் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஹம்சா பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். தொட்டிலுக்கும் படிக்கும் நடுவில் போனை விட்டுப் பின்பக்கத்தைப் போட்டோ எடுக்கலாமா என்று பார்த்தாள். இடமில்லை. தொடாமல் எடுக்க முடியாது என்று விட்டுவிட்டாள். தீக்காயம் இருந்தால் என்ன செய்வது? இருந்தால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் தீக்ஷா? இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. இரண்டு மாசம் கழித்து வாங்கிக்கொள் என்று சொல்லலாம். அதை எந்த வாயால் சொல்வது? தீக்காயம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்பாளை வேண்டிக்கொண்டாள். அடுத்தவள் அக்கா தொட்டில் கிடைக்கக் கூடாது என்று விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் வேண்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீக்ஷா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். வெர்னா சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஹம்சா ஆரத்தி எடுத்து, கலசத்தை நகர்த்தி, கிருஷ்ணனின் கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு வரவில்லை. வெர்னா குனிந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வாராக அவிழ்த்துக் கொடுத்தாள். கிருஷ்ணனை எடுத்துப் பட்டுத் துணியில் படுக்க வைத்துவிட்டு, ஹம்சா தொட்டிலைத் தூக்கித் திருப்பினாள்.

பலகை வழவழவென்று இருந்தது. ஒரு பொட்டு கறுப்பு இல்லை.

போனில் டார்ச் போட்டுப் பார்த்தார்கள். வெர்னா கட்டைவிரலால் இடது ஓரம் முழுக்கத் தடவினாள். வலது ஓரத்தையும் தடவினாள்.

"யாராவது இழைச்சுப் பாலிஷ் போட்டிருப்பாங்க" என்றார் பாலசுப்ரமணியன். மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. "பழைய சாமானுக்கு அப்படித்தான் பண்ணுவாங்க."

"இல்லை. அவ்வளவு ஆழத்தை இழைச்சா பலகை மெலிஞ்சிருக்கும். இது வேற பலகை" என்றாள் வெர்னா. "இது என் அக்காவோடது இல்லை. உங்க பண்டிகையில வந்து தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

டிரக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஹம்சா ஜெயித்துவிட்டாள். தொட்டில் அவளுடையது, இனி ஒருத்தரும் வந்து கேட்க முடியாது. வேண்டிக்கொண்டது அப்படியே பலித்திருக்கிறது. ஆனால் அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் டெஸ்ட்டிங் பார்த்தவள். டெஸ்ட்டில் தோற்றதும் "உன் மெஷின்ல ஏதோ கோளாறு" என்று சொல்லாத ஒருத்தனை அவள் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவளாக இருந்தால் பாலிஷ் என்கிற சாக்கு கையிலேயே கிடைத்திருக்கிறது, பிடித்துக்கொண்டிருப்பாள். இவள் பிடித்துக்கொள்ளவில்லை. தன் டெஸ்ட்டில் தானே தோற்று, தானே ஒத்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போகிறாள். இந்த மனுஷியையா வாரம் முழுக்கக் காவல் காத்தோம் என்று ஹம்சாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

தொட்டிலில் தொங்கின அந்தக் குட்டிப் பையை விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே சுக்குத் துண்டு மாதிரி ஏதோ கெட்டியாக இருந்தது. தீக்ஷாவின் தாயத்தை மூடுவதற்கு முன்னால் அவள் கையில் பிடித்துப் பார்த்த அதே கெட்டி.

"நில்லுங்க" என்றாள். "உங்க அக்காவோடது இல்லைன்னா வேற யாரோ ஒருத்தியோட அக்காவோடது. அவளும் எங்கயாவது கடை கடையாத் தேடிட்டு இருப்பா. நீங்க எடுத்துட்டுப் போங்க. உங்க ஊர்ல பெரியவங்ககிட்ட காட்டுங்க, மணி வேலையைப் பாத்தா யார் கை வேலைன்னு சொல்லுவாங்கல்ல?"

"சொல்லலாம்" என்றாள் வெர்னா. ஆனால் கையை நீட்டவில்லை.

ஹம்சாவும் தொட்டிலை விடவில்லை. கொடுக்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது, கை கேட்கவில்லை. கண் சோபாவுக்குப் போனது, தீக்ஷாவின் வயிற்றில் போய் நின்றது. அந்த ஒரு பார்வையில் தீக்ஷாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா தினம் காலையில் எதைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று அவளுக்கு முன்னமே தெரியும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், அன்றைக்குத் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"பாப்பா என்கிட்ட இருக்கும்மா. அதுல இல்ல. குடுத்துடு."

ஹம்சா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அடுக்களைக்குப் போனாள். வெறும் தொட்டிலை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது. பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து அனுப்பும்போது மடியை நிறைத்து அனுப்புகிற மாதிரி, குழந்தையை வைக்கிற அந்தப் பெரிய தோல் பைக்குள் ஒரு தேங்காய், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துண்டு எல்லாம் வைத்தாள். வெர்னா எதற்கு என்று கேட்கவில்லை. குழந்தை படுத்திருப்பது மாதிரியே வாரை இழுத்து இழுத்துக் கட்டினாள். நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஹம்சா வழியனுப்ப டிரைவ்வே வரைக்கும் கூடவே போனாள். வெர்னா டிரக் கதவைத் திறக்கிற நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. தொட்டில் வேணுமா, அக்காவோடதுதான்னு என்ன அத்தாட்சி, எல்லாம் கேட்டாயிற்று. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"உங்க அக்கா பேர் என்ன?"

"மார்லின்."

"மார்லின் செத்துப்போனதை யார் பாத்தா?"

வெர்னா திரும்பினாள். "ஆபீஸ்காரர் வந்து சொன்னார்."

"அவர் பாத்தாரா?"

"தெரியாது."

"புதைச்ச இடத்தைக் காட்டினாங்களா?"

"இல்லை."

"டெத் சர்ட்டிபிகேட்?"

"எதுவும் குடுக்கலை. அம்மா நம்பிட்டா. நாங்களும் நம்பிட்டோம்." வெர்னாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அப்ப அவளுக்கு ஏழு வயசு."

"பிள்ளையை எடுத்துட்டுப் போனவன் வந்து பிள்ளை செத்துப்போச்சுன்னு சொல்றான். கேட்டுக்கிட்டு யாரும் வரக் கூடாதுன்னு அப்படிச் சொன்னானோ என்னமோ. நான் நம்பலை" என்றாள் ஹம்சா. "உள்ள வாங்க. எந்த வருஷம், எந்த ஆபீஸ், எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க. லேப்டாப்பை எடுக்கறேன்."

வெர்னா டிரக் கதவைச் சாத்திவிட்டு, தொட்டிலோடு ஹம்சாவின் பின்னால் வீட்டுக்குள் போனாள்.